ஸ்பின் அலை சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "கரண்டைக் கொடுத்துக் காந்தத்துக்குள் அலை எழுப்புகிற ஆராய்ச்சியாம். மகள் விளக்குகிறாள், எனக்கு விளங்கவில்லை. இது சோறு போடுமா? பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சோற்றுக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த அலை என்னவென்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

இரும்பு, நிக்கல் போன்றவற்றின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதைச் சற்றே அசைத்துவிட்டால், சாயப்போகும் பம்பரம் போலத் தலையாட்டும். ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பதும் ஆடும். காற்றில் நெற்பயிர் நின்ற இடத்திலேயே நிற்க, அசைவு மட்டும் வயலைக் கடந்து போகிறதல்லவா, அதுபோல. இதுதான் ஸ்பின் அலை. 1930-லேயே பெலிக்ஸ் பிளாக் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஆட்டம் வெகு சீக்கிரம் அடங்கிவிடும். 1996-இல் ஜான் ஸ்லோன்செவ்ஸ்கியும் லூக் பெர்கரும் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள்: எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியை (அதுதான் 'ஸ்பின்') ஒரே பக்கம் திருப்பி மின்னோட்டமாகச் செலுத்தினால், ஊஞ்சலை உந்துவது போல அது அந்த ஆட்டத்தை அடங்கவிடாமல் வைத்திருக்கும்.

அலையை எழுப்பினால் மட்டும் போதாது, அது பரவ வேண்டும். சிக்கல் அங்கேதான். நிக்கலும் இரும்பும் கலந்த மெல்லிய படலத்தின்மேல் நானோமீட்டர் அளவில் ஒரு மின்தொடர்பு. படலத்தின் காந்தம் கிடைவாக இருக்கும்போது, ஆட்டம் பெரிதாகப் பெரிதாக அதிர்வெண் குறைகிறது. படலம் ஏந்திச் செல்லக்கூடிய அதிர்வெண்ணுக்கும் கீழே அது போய்விடுவதால் அலை அந்த மின்தொடர்பின் அடியிலேயே முடங்கிக்கொள்கிறது. வெளிக் காந்தப்புலத்தால் படலத்தின் காந்தத்தைச் செங்குத்தாக நிமிர்த்தினால் அதிர்வெண் ஏறுகிறது, அலை வெளியே ஓடுகிறது. இத்தாலியின் பெருஜியா, சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் சேர்ந்து 2011-இல் இந்த ஓட்டத்தை லேசர் ஒளி கொண்டு நேரடியாகவே பார்த்தார்கள்.

இதையே உங்கள் மகளிடம் கேளுங்கள். கிடைவாக இருந்தால் ஏன் முடங்குகிறது, நிமிர்ந்தால் ஏன் ஓடுகிறது? காகிதத்தில் படம் போட்டுப் பத்து நிமிடம் சொன்னால் ஆர்வம் உண்மையானது என்று நம்பலாம். 'குவாண்டம்' என்ற சொல்லில் மயங்கி என்னிடம் வருகிற பிள்ளைகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் விழிப்பார்கள்.

இனிச் சோறு. ஸ்பின் அலைக் கருவி இன்னும் ஆய்வுக்கூடப் பொருள்தான். அதை மட்டுமே செய்து விற்கும் நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் அதே மின்னோட்டத் தள்ளலைக் கொண்டு காந்தத்தைப் புரட்டித் தகவலைப் பதிக்கும் எம்ரேம் நினைவகச் சிப்புகள் சந்தைக்கு வந்துவிட்டன; சாம்சங் 2019-இல் 28 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அனுப்பத் தொடங்கியது. மேலும், இந்த ஆய்வில் ஐந்தாறு ஆண்டு இருப்பவர் வெற்றிடக் கலத்தில் சில நானோமீட்டர் தடிமனுக்குப் படலம் படிய வைப்பார், எலெக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைவார், கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை அளப்பார், கணினியில் மாதிரி ஓட்டிப் பார்ப்பார். சிப் ஆலைக்கும் தொலைத்தொடர்புக்கும் அளவைக் கருவி நிறுவனங்களுக்கும் வேண்டிய கைகள் இவை.

காலம் பிடிக்கும் என்ற உங்கள் கவலை நியாயமானதே. எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பிறகு முனைவர் பட்டம். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இப்போதைக்கு, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்குத் தயாராகட்டும். கொல்கத்தாவின் எஸ்.என். போஸ் மையம், புவனேஸ்வரின் நைசர் ஆய்வு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி. ஆகிய இடங்களில் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. வெளிநாடு என்றால், சுவீடனில் முனைவர் ஆய்வாளருக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளராகவே சேர்கிறார்கள். ஆகவே முனைவர் இடத்துக்கு லட்சங்கள் கேட்டு எந்த ஏஜென்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பி.எட். எங்கும் ஓடிவிடாது. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு எப்படியும் எம்.எஸ்சி.யும் வேண்டும், அதை முதலில் முடிப்பதால் எந்த நட்டமும் இல்லை. (கடைசி வரியில் கேட்டிருந்த கல்யாண விஷயத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதை அவளிடமே கேளுங்கள்.)

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். அமெரிக்க அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய ஊம்ஃப் (OOMMF) என்ற, காந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். அவர்கள் தந்திருக்கும் நான்காம் மாதிரிக் கணக்கில் 500 நானோமீட்டர் நீளம், 125 அகலம், 3 தடிமன் கொண்ட ஒரு படலத்தின் காந்தம் புரளும். பல குழுக்கள் போட்ட விடைகளும் அவர்கள் இணையதளத்திலேயே வரைபடக் கோடுகளாக இருக்கின்றன. மகள் வரைந்த கோடும் அந்தக் கோடுகளும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று அவளையே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.