முற்றுப்புள்ளிக்குப் பிறகு சிலர் ஏன் இரண்டு இடைவெளி விடுகிறார்கள்?

ஒரு வாக்கியம் முடிந்ததும் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் பழக்கம் இது. ஆங்கிலத் தட்டச்சு வகுப்புகளில் பல தலைமுறைகளுக்கு இதுதான் பாடம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் டைப்ரைட்டரின் அமைப்பு. அதில் ஒல்லியான ஆங்கில 'i' எழுத்துக்கும் அகலமான 'm' எழுத்துக்கும் ஒரே அளவு இடம்தான். ஒல்லியானவர், பருமனானவர் எல்லோரையும் ஒரே அளவு நாற்காலியில் உட்கார வைப்பது மாதிரி. ஒல்லி எழுத்துகளைச் சுற்றி வெற்றிடம் கிடக்கும். புள்ளியைச் சுற்றி இன்னும் அதிகம். அந்த ஓட்டைகளுக்கு நடுவே வாக்கியம் எங்கே முடிகிறது என்பது சட்டென்று கண்ணில் படாது. அதனால் கூடுதலாக ஒரு தட்டு.

கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவை எழுத்தின் அகலத்துக்கு ஏற்ப இடம் ஒதுக்குகின்றன. அதனால் ஒன்றே போதும். இரண்டு விட்டால் பத்தியில் அங்கங்கே பொத்தல் விழுந்தது போல இருக்கும், என் கண்ணுக்கு. இணையப் பக்கங்களில் இந்தச் சண்டைக்கே வேலையில்லை: எத்தனை முறை தட்டினாலும் பிரவுசர் பொதுவாக ஒன்றாகத்தான் காட்டும். 2020-ல் மைக்ரோசாஃப்ட் வேர்டும் இரட்டை இடைவெளியைப் பிழையாகச் சுட்டிக்காட்டத் தொடங்கியது. சரி, பழகிய கட்டைவிரல் கேட்காது என்றால், எழுதி முடித்த பிறகு 'கண்டுபிடித்து மாற்று' வசதியில் ஒரே நொடியில் சரிசெய்துவிடலாம்.

டைப்ரைட்டர்தான் இதை உருவாக்கியது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே, கையால் அச்சுக் கோத்த ஆங்கிலப் புத்தகங்களில் வாக்கியங்களுக்கு நடுவே அகலமான இடைவெளி விடுவது சகஜமாக இருந்தது.