அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே இருப்பது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். ரிப்போர்ட் பி.டி.எஃப்.களை மை எஸ்.க்யூ.எல் டேட்டாபேஸின் டேபிளிலேயே சேமிக்கிறோம். சில கோப்புகள் பாதியோடு நின்று, திறக்க மறுக்கின்றன. பழையதை அழித்தும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையே?

பதில்: முதலில் பி.டி.எஃப். சேரும் நெடுவரிசையின் (column) வகையைப் பாருங்கள். கோப்புகளை அப்படியே வைக்கும் வகைகளில் வெறும் ‘பிளாப்’ என்றால் 65,535 பைட்தான் கொள்ளும். அளவு மீறிய தரவை ஏற்க மறுக்கும் ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ அணைந்திருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு சேமித்துவிடும். ‘மீடியம்பிளாப்’ 16 எம்.பி. வரை, ‘லாங்பிளாப்’ 4 ஜி.பி. வரை தாங்கும். ஆனால் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்சவரம்பான ‘மேக்ஸ் அலவ்டு பாக்கெட்’ போதாவிட்டால் அதையும் உயர்த்த வேண்டும், 8.0 சர்வரில் அது இயல்பாக 64 எம்.பி. வெட்டுப்பட்டவை மீளாது, அசலிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். ஸ்ட்ரிக்ட் மோடை இன்றே போடுங்கள்!

அழித்த இடத்தை, மை எஸ்.க்யூ.எல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோ டி.பி. தன்னிடமே வைத்துக்கொண்டு, புதிய வரிகளுக்குப் பயன்படுத்தும். டேபிளுக்குத் தனிக் கோப்பு இருந்தால் ‘ஆப்டிமைஸ் டேபிள்’ கட்டளை இடத்தை மீட்கும். அது டேபிளைப் புதிதாகக் கட்டுவதால், ஏறத்தாழ மிஞ்சும் தரவு அளவுக்குக் காலியிடம் வேண்டும். இரவில் ஓட்டுங்கள்.

இனி வருபவற்றை டிஸ்க் ஃபோல்டரில் வைத்து, டேபிளில் பாதை, அளவு, ஷா-256 மதிப்பு (கோப்பு மாறியதா என்று காட்டும் கைரேகை போன்றது) மட்டும் எழுதுவதே என் பரிந்துரை. சேர்க்கும்போது முதலில் கோப்பு, பிறகு வரி. நீக்கும்போது முதலில் வரி, பிறகு கோப்பு. நடுவில் கரண்ட் போனாலும் எந்த வரியிலும் இல்லாத கோப்பு ஒன்று மிஞ்சுமே தவிர, கோப்பில்லாத வரி வராது. பேக்கப்பில் டேட்டாபேஸை முதலில் எடுங்கள், ஃபோல்டரை அடுத்து; இரண்டும் முடியும்வரை எதையும் நீக்க வேண்டாம்.