அப்பாவின் மொறிஸ் மைனர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு 74 வயது. 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரில்தான் இன்னமும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வருகிறார். புதிய கார் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று கனடாவிலிருக்கும் பெரியண்ணா எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். "இது என்னைக் கைவிட்டதில்லை" என்பதே அப்பாவின் பதில். இது வீண் பிடிவாதம் இல்லையா?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990இல் போரின்போது அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இந்த மொறிஸ்களும் ஒஸ்ரின்களும்தான்.

எங்கள் வீட்டில் நின்றது ஒஸ்ரின் ஏ40. காலையில் மாமா பொனற்றைத் திறந்து, மருந்துப் போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விடுவார். நான் முன்னால் நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்றுவேன். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதைச் சூடாக்கத்தான் அந்தத் துளிகள். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால், மாமா அடிக்கடி ஒயிலைத் தொட்டு, விரலிடையே தேய்த்து, மணந்து பார்ப்பார். அழுத்தம் குறைந்த பழைய என்ஜின் என்பதால் இத்தனையையும் தாங்கியது.

1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, குடாநாட்டின் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அம்மம்மாவைப் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு, நடந்து போனவர்களோடு அந்தக் காரும் ஊர்ந்தது. நிறுத்தினால் மறுபடி இயக்கப் போத்தலில் பெற்றோல் இல்லை. விடியும்வரை மாமா என்ஜினை நிறுத்தவேயில்லை. உங்கள் அப்பாவிடமும் இப்படியொரு இரவு இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

மைனர் 1948இல் இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கென வந்த மலிவுக் கார். பகட்டு எதுவும் கிடையாது. அப்பாவின் காரிலுள்ள 948 சிசி என்ஜினின் குடும்பம் 2000ஆம் ஆண்டுவரை மினி கார்களில் தொடர்ந்தது. உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுது எங்கே என்பதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம், நாலு சாவிகளால் கழற்றிப் பூட்டலாம். கணினி வைத்துப் பார்க்க வேண்டிய கார் அவருக்கு அந்நியமாகத்தான் இருக்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பின் பழைய சின்னக் கார்களின் விலை ஏறியதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஆனாலும் ஒன்றை அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அந்தக் காரில் ஆசனப்பட்டி கிடையாது. நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக். கண்டிக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலையில் இரவில் பஸ்களோடு ஓட்டுவதற்கு அது ஏற்றதல்ல. சந்தைக்கும் கோயிலுக்கும் தாராளமாகப் போய்வரட்டும். பெரியண்ணா அனுப்பும் பணத்தில் பிரேக் குழாய்களையும் சிலிண்டர் றப்பர்களையும் இந்த மாதமே புதிதாக மாற்றிக் கொடுங்கள். கராஜுக்கு நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
அண்ணா