கால்களை எண்ணினால் கணுக்காலிகளின் பிரிவுகளைக் கண்டறிந்துவிடலாமா?

சாதாரண தரத்தில் படிக்கும் ஒருவர், நண்டும் சிலந்தியும் பூரானும் கரப்பானும் ஒரே கணமாகிய ஆத்திரோப்போடாவை, அதாவது கணுக்காலிகளைச் சேர்ந்தவை என்றால், கால்களை எண்ணியே அவற்றைப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

எண்ணலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நாயின் காதில் ஒட்டிக்கொள்ளும் உண்ணி சிலந்தியின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் இருந்தாலும், முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிக்கு ஆறு கால்களே உண்டு. ஆகவே தலையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய ஓர் இறாலைத் தலையோடு வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். நீண்ட உணர்கொம்புகள் ஒரு சோடி உடனே தெரியும். அவற்றுக்கு இடையில், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்த குட்டையான இன்னொரு சோடி இருக்கும். வயிற்றின் கீழுள்ள நீந்தும் கால்களும் ஒரே அடியிலிருந்து இரு கிளைகளாகப் பிரிவதைக் காணலாம். இரண்டு சோடி உணர்கொம்புகள் கொண்டவை இறால், நண்டு முதலியவை அடங்கிய பிரிவாகிய கிரஸ்டேசியாக்கள் மட்டுமே. அவற்றுட் பெரும்பாலானவை பூக்களால் (செவுள்களால்) சுவாசிக்கின்றன.

சிலந்திக்கும் தேளுக்கும் உணர்கொம்பே கிடையாது. சிலந்தியின் முகத்தருகே நீண்டிருப்பது வாயை அடுத்த துணை உறுப்பு. அதே உறுப்புத்தான் தேளில் பெரிய கொடுக்காகியிருக்கிறது. நண்டின் கொடுக்கோ உண்மையான கால்களின் முதற் சோடி. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இவ்விரண்டும் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து தோன்றியவை என்பது இந்தப் பாடத்திலேயே மிக அழகான செய்தி என்று நினைக்கிறேன்.

பூரானுக்கும் மரவட்டைக்கும் ஒரு சோடி உணர்கொம்பு உண்டு. பூரானின் உடற்துண்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சோடிக் கால்களும், மரவட்டையின் பெரும்பாலான துண்டங்களில் இரு சோடிக் கால்களும் இருக்கும். பூரான் நஞ்சைச் செலுத்துவது உருமாறிய முதற்சோடிக் கால்களால்.

பூச்சிகளுக்கும் உணர்கொம்பு ஒரு சோடியே. தலை, நெஞ்சு, வயிறு என மூன்று பகுதிகளும், நெஞ்சில் ஆறு கால்களும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சிறகும் இருக்கும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்த இன்னொரு கணுக்காலிப் பிரிவாகிய திரைலோபைட்டுகளை உயிர்ச்சுவடுகளாகவே (புதைபடிவங்களாகவே) பார்க்க முடியும்.

மரபணு ஆய்வுகளின்படி, பூச்சிகள் கிரஸ்டேசியாக்களுக்குள்ளிருந்தே கிளைத்தவை. அவற்றின் நெருங்கிய உறவாகக் கருதப்படும் ரெமிப்பீடியாக்கள் என்னும் கிரஸ்டேசியாக்கள் கரையோர நீர்க்குகைகளில் வாழ்கின்றன. உடல் நெடுகிலும் கால்களோடு பூரானைப் போலத் தோன்றினாலும், அவற்றின் தலையில் இருப்பது இரண்டு சோடி உணர்கொம்புகள்.