தோல் எடுத்த தொடை ஏன் இப்படி எரிகிறது?

கணவருக்குக் கொதி எண்ணெய் கொட்டி, கையில் தோல் ஒட்டினார்கள். கை பரவாயில்லை, தோல் எடுத்த தொடைதான் எரிகிறது என்கிறார். தூக்கமே இல்லை.
- வாசகி, திருவொற்றியூர்

அவர் மிகைப்படுத்தவில்லை. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் கருகிவிடும். தொடையில் சீவி எடுப்பது கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அங்கே உயிருள்ள நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன. முதல் சில நாள் கடுமையாகவே இருக்கும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை, வலி ஏறட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். தயவுசெய்து 'பொறுத்துக்கோ' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆல்ஜினேட், ஹைட்ரோகொல்லாய்டு போன்ற ஈரம் காக்கும் கட்டுகளில் வெறும் காஸ் துணியைவிட வலி குறைவு. வார்டில் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் தொடைக் கட்டு காய்ந்து அட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. பத்து நாளாயிற்று. பிரித்து எடுத்துவிடலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

வேண்டவே வேண்டாம்! மிச்சமிருக்கும் முடி வேர்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும்தான் புதுத்தோல் கிளம்பிப் பரவுகிறது. பொதுவாக இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். இப்போது இழுத்தால் அந்தப் புதுத்தோலும் சேர்ந்து வரும். ரத்தம் கசியும், வலி முதல் நாளுக்குத் திரும்பும். மேல் பஞ்சு நனைந்திருந்தால் அதை மட்டும் ஆஸ்பத்திரியில் மாற்றுவார்கள். அடியில் புண்ணோடு ஒட்டியிருக்கும் பாரஃபின் வலையை (பாரஃபின் தடவிய வலைத்துணி) தொட மாட்டார்கள். தோல் ஆற ஆற வலையின் ஓரம் தானாகச் சுருண்டு எழும்பும். எழும்பிய அளவுக்குக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள். அப்படியும் உரியாவிட்டால் சலைனில் நன்றாக ஊறவைத்து வார்டிலேயே எடுப்பார்கள்.

காய்ச்சல், பச்சை நிறக் கசிவு, துர்நாற்றம், சுற்றிலும் பரவும் சிவப்பு, குறைந்த வலி மறுபடி கூடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் தேவை.

மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்குமா?
- வாசகர், காசிமேடு

வைக்காது. தோல் வளரப் புரதம் வேண்டும். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஆறிவிட்டது. ஆனால் ஒரே அரிப்பு, கறுத்தும் இருக்கிறது.
- வாசகி, வியாசர்பாடி

புதுத்தோலில் எண்ணெய்ப் பசை குறைவு, அதனால்தான் வறண்டு அரிக்கிறது. முழுக்க ஆறியிருந்தால் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ தினம் சில முறை மெதுவாகத் தடவுங்கள். சொறிந்தால் கொப்புளம் கிளம்பும். கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும், சுவடு கொஞ்சம் தங்கவும் செய்யலாம். அதுவரை வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.