நுரையீரல் புற்றுநோய்: கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி மட்டும் போதுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. நுரையீரலில் அடினோகார்சினோமா, நான்காம் நிலை. ஈஜிஎஃப்ஆர், ஆல்க் மரபணு மாற்றங்கள் இல்லை என்றும், பிடி-எல்1 அளவு 70 சதவீதம் என்றும் பயாப்சி அறிக்கையில் உள்ளது. கீமோ வேண்டாம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்து மட்டும் போதும் என்கிறார் மருத்துவர். நோய் முற்றியதால் கைவிட்டுவிட்டார்களோ என்று அஞ்சுகிறோம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சூரணமும் சேர்த்துத் தரலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கைவிடவில்லை, அம்மா. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த 70 சதவீதம்தான் இந்த முடிவுக்குக் காரணம்.

நம் உடலின் டி அணுக்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) இயல்பு மாறிய செல்களை அடையாளம் கண்டு அழிக்கக்கூடியவை. அவை வரம்பு மீறி நல்ல செல்களையும் தாக்கிவிடாதபடி, அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்னும் புரதம் வண்டியின் பிரேக்கைப் போல அமைந்துள்ளது. புற்றுநோய் செல்லோ தன்மீது பிடி-எல்1 என்னும் புரதத்தை ஏராளமாக வளர்த்துக்கொண்டு, அந்த பிரேக்கை அழுத்தியே தப்பித்துவிடுகிறது. பெம்ப்ரோலிசுமாப் பிடி-1இன் மீது ஒட்டிக்கொண்டு அந்த அழுத்தத்தைத் தடுக்கிறது. அதன்பின் புற்றைத் தாக்குவது உங்கள் தந்தையின் சொந்த டி அணுக்களே. பிடி-1ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு தடையை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடி-எல்1 அளவு, அதாவது இப்புரதம் காணப்படும் புற்றுநோய் செல்களின் விகிதம், 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, அந்த இரண்டு மரபணு மாற்றங்களும் இல்லாத 305 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தவர்கள், இம்மருந்தில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 32 சதவீதம். கீமோவில் தொடங்கியவர்களில் 16 சதவீதம். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. அதை உங்களிடம் மறைப்பது முறையாகாது.

சூரணம் வேண்டாம். குறிப்பிட்ட ஒரு தடையை நீக்கும் இச்சிகிச்சைக்கும் பொதுவாகச் ‘சக்தி கூட்டுவதற்கும்’ தொடர்பில்லை. இத்தகைய சூரணங்கள் பலவற்றில் சேரும் சீந்தில் என்னும் மூலிகையை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்துள்ளனர். பெம்ப்ரோலிசுமாபும் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு எதனால் வந்தது என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும்.

நீங்கள் உண்மையில் விழிப்பாக இருக்க வேண்டியது பக்கவிளைவுகளில்தான். கீமோவில் போல முடி கொட்டுவது இதில் அரிது. ஆனால் தடை நீங்கிய டி அணுக்கள் சில நேரம் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கத் தொடங்கும். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இது வரலாம். வழக்கத்தைவிட நான்கைந்து முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது குடல் அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு தேவைப்படும், தாமதித்தால் குடலில் ஓட்டையே விழலாம். புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, தணியாத தாகம், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றுக்கும் அன்றைக்கே மருத்துவமனையை அழையுங்கள். இரவில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவருக்கு உடனே தெரியும்படி ‘பெம்ப்ரோலிசுமாப் சிகிச்சையில் இருப்பவர்’ என்று எழுதிய சீட்டு ஒன்று தந்தையின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

அவருக்கு முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் முன்பே உண்டா, தினமும் ஸ்டீராய்டு எடுக்கிறாரா, உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவரா என்பதையெல்லாம் முதல் டோஸ் ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.