எகிப்திய அரசர்களின் கல்லறைகளிலிருந்து அந்தக் கால வாழ்க்கையையும் நம்பிக்கைகளையும் பற்றி என்ன தெரிய வருகிறது?

துட்டன்காமுன் என்ற எகிப்திய அரசனின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் தங்க முகமூடியைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், அதே கல்லறையில் இருந்த 413 பொம்மைகளைப் பாருங்கள் என்பேன்.

ஷப்தி என்று பெயர். செத்தபிறகு போகும் உலகத்திலும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, மணல் சுமக்கும் வேலையும் உண்டு என்று நம்பினார்கள். அங்கே வேலைக்குக் கூப்பிட்டால், 'இதோ இருக்கிறேன்' என்று அரசனுக்குப் பதிலாக இந்தப் பொம்மை எழுந்து போகவேண்டும். நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள். அவர்களை மேய்க்க 36 மேஸ்திரிகள், ஏனென்றால் எகிப்தியருக்கு வாரம் என்பது பத்து நாள். மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். மண்வெட்டி, கூடை என்று குட்டிக் கருவிகள் மட்டும் 1,800-க்கு மேல். சொர்க்கத்துக்கும் வருகைப் பதிவேடு போட்ட ஆட்கள்!

ஆனால் இந்தப் பொம்மைகள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பு நிலைமை வேறு. கி.மு. 3000-ஐ ஒட்டி ஆண்ட ஜெர் என்ற அரசனின் கல்லறை அபிடோஸில் இருக்கிறது. அதைச் சுற்றி 300-க்கும் மேற்பட்ட சிறு குழிகளில் பணியாளர்களும் அரண்மனைப் பெண்களும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அரசனோடு சேர்த்து இவர்களில் பலரைக் கொன்றே புதைத்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஜெர் சேர்ந்திருந்த, எகிப்தின் முதல் அரச வம்சத்தோடு அந்த வழக்கம் நின்றுவிட்டது. ஷப்தி வந்தது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து. அதனால் இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது. ஆனாலும் எசமானுக்கு அங்கேயும் ஆள் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயத் தொல்லியல் ஆய்வாளர் திறந்த துட்டன்காமுன் கல்லறையில் 5,000-க்கு மேல் பொருட்கள். நூற்றுக்கும் மேற்பட்ட லினன் கோவணங்கள், சுமார் 130 கைத்தடிகள், பெட்டி பெட்டியாகப் பதப்படுத்திய இறைச்சி. திராட்சை மது ஜாடிகளில் எந்த ஆட்சியாண்டு, எந்தத் தோட்டம், மது தயாரித்த தலைமை ஆள் யார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகளில் பிறக்கும் முன்பே இறந்த இரண்டு பெண் சிசுக்கள். அவனுடைய பிள்ளைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியில் மூக்குத் துளைக்குள் மிளகு இருந்தது. அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது தென்னிந்தியாவில்தான். எத்தனை கைமாறிப் போய்ச் சேர்ந்ததோ!

சரி, ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் அரசன் வீட்டுச் சங்கதி; இதை வைத்து நைல் கரை விவசாயி இப்படித்தான் வாழ்ந்தான் என்று சொல்லக்கூடாது. சாதாரண ஆட்களைத் தெரிந்துகொள்ள, அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டியவர்கள் குடியிருந்த தெய்ர் எல்-மெதினா கிராமத்துக்குப் போகவேண்டும். அங்கே வரவு செலவு, கடன் தகராறு, வேலைக்கு வராததற்குச் சொன்ன சாக்கு எல்லாம் ஓட்டுச் சில்லுகளிலும் பாப்பிரஸ் தாள்களிலும் கிடைத்திருக்கின்றன. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வந்து சேராததால் அந்தத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்து அதுதான் முதலாவது.